தயக்கம் என்னும் சொல்லும் ஊவாத் தோட்டத் தமிழர் வரலாறும்

ஒரு சமூகத்தைப் பற்றிப் பிறர் வழங்கும் சொற்கள் அச்சமூகத்தின் இயல்பைக் காட்டுவனவாகக் கொள்ளப்படுதல் வழக்கம். ஆயின், அச்சொற்கள் எழுந்த சூழலை ஆராயுமிடத்து, அவை சொல்லப்பட்டோரின் இயல்பினும் சொல்லியோரின் நிலையையே பெரிதும் புலப்படுத்துகின்றமை தெரியவரும். இலங்கையின் மலையகத் தமிழரைப் பற்றி நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்களுள் 'தயக்கம்' என்பதும் ஒன்று. அவர்கள் முறையிடத் தயங்குகின்றனர், அலுவலகங்களில் வாய்திறக்கத் தயங்குகின்றனர், விண்ணப்பிக்கத் தயங்குகின்றனர், இருந்த இடத்தை விட்டு நீங்கத் தயங்குகின்றனர். இவ்வாறான கூற்றுகள் அறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அன்றாட உரையாடல்களிலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. இக்கூற்றுகள் யாவும் தயக்கத்தை அம்மக்களது மனப்பாங்காக, பிறவிக்குணம் போன்ற ஒன்றாகக் காட்டுகின்றன.

இத்தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றை ஒதுக்கிவிட்டு அச்சொல்லை வழங்குதல் பழியை இடம்மாற்றி வைப்பதாகும் என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படும். மலையகத்தின் கிழக்கெல்லையாக அமைந்த ஊவா மாகாணத்தின் பதுளை, மொனராகலை ஆகிய மாவட்டங்களின் தோட்டத் தமிழர் வரலாறே இங்குச் சிறப்பாக நோக்கப்படுகின்றது. ஊவாவுக்கு மட்டும் உரியனவல்லாத சட்டங்களும் ஒப்பந்தங்களும் அம்மக்களின் வாழ்வைத் தீர்மானித்தமையால், அவையும் வேண்டிய அளவிற் கூறப்படும்.

சொல்லின் பொருள்

தமிழில் ஒதுங்கிநிற்றலையும் பின்னிற்றலையும் குறிக்கும் சொற்கள் பல. நாணம், கூச்சம், அடக்கம், ஒடுக்கம், தயக்கம் என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும் தம்முள் வேறுபாடுடையன.

நாணம் அறத்தோடும் அகத்திணை மரபோடும் தொடர்புடையது. திருக்குறளில் 'நாணுடைமை' என்னும் 102ஆம் அதிகாரம், தகாத செயலுக்கு நாணுதலையும் மகளிர்க்குரியதாகக் கூறப்படும் நாணத்தையும் தொடக்கத்திலேயே வேறுபடுத்திவிடுகின்றது. காமத்துப்பாலில் அமைந்த 114ஆம் அதிகாரமோ நாணைத் துறத்தலைப் பற்றியது. அறத்தில் காக்கப்பட வேண்டியதாகிய நாண், காதலின் நெருக்கடியில் துறக்கப்படுவதாகவும் அமைகின்றது. நாணம் என்பது எவ்விடத்தும் மாறாத இயல்பன்று, சூழலுக்கேற்ப நிற்பதும் நீங்குவதும் ஆகும் என்ற தெளிவு பழந்தமிழ் மரபிலேயே உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

கூச்சம் உடலோடு ஒட்டிய சொல். ஒளிக்குக் கண் கூசும். குளிருக்குப் பல் கூசும். தீண்டலுக்கு மேனி கூசும். புறத்தே இருந்து வரும் ஒன்று உடலைப் பின்வாங்கச் செய்வதே கூசுதல். அதன் வழியே பிறர் முன்னிலையில் மனம் சுருங்குதலும் கூச்சமாயிற்று.

அடக்கம் இருமுகம் கொண்டது. 'அடக்கமுடைமை' என்னும் 13ஆம் அதிகாரத்தில் அது தன்னைத் தான் காத்துக்கொள்ளும் பெருமை. அடங்குதல் என்னும் தன்வினைக்கு அடக்குதல் என்னும் பிறவினையும் உண்டு. ஆதலின் ஒருவரிடத்துக் காணப்படும் அடக்கம், அவர் தாமே அடங்கியதா பிறரால் அடக்கப்பட்டதா என்பதைச் சொல் தானாகக் கூறுவதில்லை. ஒடுக்கமும் அத்தகையதே.

தயக்கமோ இவற்றின் வேறானது. பழைய இலக்கியங்களில் தயங்குதல் என்னும் வினை அசைதல், ஒளிர்தல் ஆகிய பொருள்களில் வழங்கியது. கரையை மோதும் அலையும் காற்றில் ஆடும் தழையும் தயங்கின. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இவ்வினைக்கு ஒளிவிடுதல், அசைதல், கலங்குதல் முதலிய பொருள்களைத் தருகின்றது. அசைவைக் குறித்த சொல் மன அசைவைக் குறிப்பதாகி, பின்னர் முடிவெடுக்காது நிற்றலைக் குறிப்பதாகியமை பொருள்வளர்ச்சியின் இயல்பான நெறியே. எனினும் மூலப்பொருள் முற்றாக அழிந்துவிடவில்லை. தயங்குபவர் செயலற்றவர் அல்லர். அவர் இப்பாலும் அப்பாலும் அசைபவர், இரண்டையும் எடைபோடுபவர்.

இலக்கண நோக்கில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அடங்கு, ஒடுங்கு, முடங்கு, கலங்கு, மயங்கு என்னும் தன்வினைகளுக்கு அடக்கு, ஒடுக்கு, முடக்கு, கலக்கு, மயக்கு என்னும் பிறவினைகள் உள. இன்றைய வழக்கில் தயங்கு என்பதற்கு மட்டும் அவ்வாறான பிறவினை இல்லை. ஒருவரை அடக்கலாம், ஒடுக்கலாம். 'தயக்குதல்' என்று எவரும் கூறுவதில்லை. இதனால், 'அம்மக்கள் தயங்கினர்' என்னும் வாக்கியத்தில் வினைமுதலாக அம்மக்கள் மட்டுமே நிற்கின்றனர். அவர்களைத் தயங்க வைத்தவர் யார், தயங்க வைத்தது எது என்பதற்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. இலக்கணம் விட்டுவிட்ட இந்த இடத்தை வரலாறே நிரப்புதல் வேண்டும்.

துண்டும் பேரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மலைநாட்டில் கோப்பிச் செய்கை பரவியபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். தொடக்கத்தில் அவர்கள் பருவத்துக்கு வந்து மீள்வோராயிருந்தனர். 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டிய பயிராதலின் தொழிலாளரும் குடும்பத்தோடு தோட்டங்களில் நிலைகொள்ள வேண்டியவராயினர். 1886இல் மத்திய மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஊவா தனி மாகாணமாயிற்று. அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைப் பகுதிகளில் தேயிலையும், தாழ்ந்து செல்லும் மொனராகலைப் பகுதியில் இறப்பரும் பரவின. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தில் 1890இல் தொழிற்சாலை அமைத்தமையும், 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியமையும் இவ்வளர்ச்சியின் மைல்கற்கள்.

இவ்வமைப்பில் தொழிலாளியின் வாழ்வைக் கடன் ஆண்டது. வழிச்செலவுக்குக் கங்காணியிடம் பெற்ற முற்பணமே முதற் கடன். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் 'துண்டு' எனப்பட்ட சீட்டு வேண்டும். கங்காணிக்கும் அவனது ஆட்களுக்கும் உள்ள கடனைப் புதிய தோட்டம் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. கடனைத் தீர்க்கத் தோட்டங்கள் கொடுத்த பணம் மீண்டும் தொழிலாளர் தலையிற் கடனாகவே ஏறியது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது.

தோட்டத்து வழக்கில் ஒரு நாட் சம்பளத்தைப் 'பேர்' என்பர். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் பதியப்பட்டு, மாலையில் கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடப்படும். ஒருவரின் பெயரும் அவரது கூலியும் ஒரே சொல்லாகிய இடத்தில், எதிர்த்துப் பேசுதல் என்பது பெயரையே பாதியாக்கிக்கொள்ளும் செயல். லயத்து அறையும் தோட்டத்துக்கே உரியதாதலின், வேலை போனால் குடியிருப்பும் போகும். இந்நிலையில் துரையின் முன் வாய்திறவாமை ஒரு குணம் என்பதைக் காட்டிலும் ஒரு கணக்கு என்பதே பொருந்தும்.

தோட்டத்துரைமார் இதனை வேறுவிதமாகக் கண்டனர். தமிழ்த் தொழிலாளி பணிவுள்ளவன், சொன்னதைச் செய்பவன் என்பது அவர்களது எழுத்துகளிற் பரவலாகக் காணப்படும் கருத்து. அவர்களுக்காக எழுந்த தமிழ்க் கைந்நூல்களுள் ஏ. எம். பெர்குசன் என்பார் தொகுத்த ஒன்றுக்கு 'இங்கே வா' என்பதே பெயர். அதன் தலைப்பே அவ்வுறவின் இலக்கணத்தைக் காட்டுகின்றது. ஏவல் ஒருமை ஒரு பக்கம். சொல்லுக்குச் சொல் 'ங்க' சேர்த்து மறுமொழி கூறுதல் மறுபக்கம். ஏவலையே கற்றுக்கொண்டவரின் காதில் மறுமொழியின் நுட்பம் விழுவதற்கில்லை. 'பார்க்கலாமுங்க' என்பது தமிழில் உடன்பாடுமன்று, மறுப்புமன்று. மறுக்கும் உரிமை இல்லாதவர் காலத்தைத் தம் வசமாக்கிக்கொள்ளும் வழி அது. துரைமார் அதனை அடக்கம் என்று கொண்டனர். சிலர் சோம்பல் என்றும் கொண்டனர்.

அம்மக்கள் முற்றாக வாய்மூடியிருக்கவுமில்லை. பெரட்டுக் களத்திற் சொல்லப்படாதவை மலையிற் பாடப்பட்டன. கங்காணியின் கொடுமை, கடன், கண்டிச் சீமைக்கு வந்த துயர் ஆகியன தோட்டப் பாடல்களின் பொருளாயின. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் பின்னாளிற் தொகுத்த பாடல்கள் இதற்குச் சான்று. எங்கே பேசலாம், எங்கே பேசலாகாது என்பதை அறிந்தோர் அவற்றைப் பாடினோர்.

1940: தயக்கம் நீங்கிய இடம்

தயக்கம் பிறவிக்குணமாயின் சூழல் மாறினாலும் அது நிலைத்திருத்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு காட்டவில்லை.

தோட்டத்துள் வெளியார் நுழைதல் அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில், கோ. நடேசையர் புடைவை வணிகர் வேடத்தில் தோட்டங்களுட் சென்று நிலைமையை அறிந்தார் என்பர். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். அவரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுத்தாலும் பாட்டாலும் தொழிலாளரிடையே விழிப்பை ஊட்டினர். 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1939இல் ஜவாகர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் தோன்றியது. லங்கா சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களிற் சங்கம் அமைத்தனர்.

இவற்றின் விளைவு உடனே தெரிந்தது. 1939, 1940ஆம் ஆண்டுகளில் மலையகமெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டு மே மாதத்தில் ஊவாவில், பதுளையை அடுத்துள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் சமசமாஜத் தொழிற்சங்கத்தின் கீழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் தம்முட் குழுவொன்றைத் தேர்ந்து, அக்குழுவோடு கலந்தே தோட்டக் காரியங்கள் நடத்தப்படுதல் வேண்டும் என்ற நிலைக்கு நிருவாகத்தைக் கொண்டுவந்தனர்.

அதே மக்கள், அதே லயங்கள், அதே துரைமார். மாறியது ஒன்றே: பேசியவருக்குப் பின்னால் நிற்க ஓர் அமைப்பு இருந்தது. ஒருவர் பேசினால் அவர் பெயர் மட்டுமே செக்றோலில் வெட்டப்படும் என்ற நிலை போய், பலர் பேசினால் தோட்டமே நின்றுவிடும் என்ற நிலை தோன்றியபோது தயக்கம் நீங்கிற்று. தயக்கத்தின் அளவு பேசுவதற்கு உள்ள காப்பின் அளவைப் பொறுத்தது என்பதற்கு வெவெஸ்ஸ ஒரு சான்று.

1948–1951: விலைமிக்க தயக்கம்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7,80,000. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றிபெற்றது. பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். ஓராண்டுக்குள் நிலை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வமிசாவழியை அடிப்படையாகக் கொண்டமையால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் பிரசைகள் அல்லாதோராயினர். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் நீக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் எவரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

இதற்கிடையே 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், தொடர்ச்சியான வதிவைக் காட்டுவோர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற வழிசெய்தது. மணமானோர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவ வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டாண்டு அவகாசம். இறுதி நாள் 1951 ஓகத்து 5.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்குமாறு கோரியது. பிறந்து வளர்ந்த நாட்டில் உரிமையை இரந்து பெறுதல் தகாது என்ற கொள்கை நிலைப்பாடும், விண்ணப்பித்தால் தாம் பிரசைகள் அல்லர் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டதாகும் என்ற அச்சமும் அதன் பின்னணியில் இருந்தன. அவகாசம் முடிவுறும் காலத்தை அணுகியபோது அம்முடிவு கைவிடப்பட்டு, விண்ணப்பங்கள் பெருந்தொகையிற் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8,24,000 பேர்வரையில் உள்ளடக்கி, அனுப்பப்பட்டன. அவர்களுள் இறுதியிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இந்நிகழ்ச்சி தயக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. தயக்கம் எப்போதும் வெற்றிபெறும் தந்திரமன்று. அதற்கு விலையும் உண்டு. அவசரமாக நிரப்பப்பட்ட படிவங்களில் ஏற்பட்ட சிறு முரண்பாடுகளும், சான்றுப் பத்திரங்களின் இன்மையும், உறவினரைக் காண இந்தியா சென்று தங்கியமையும் மறுப்புக்குக் காரணங்களாயின. பெயர் ஓர் ஏட்டில் ஒருவாறும் மற்றோர் ஏட்டில் வேறொருவாறும் எழுதப்பட்டிருத்தல் எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இயல்பே.

எனினும் முழுப் பொறுப்பையும் தயக்கத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. விண்ணப்பித்தோருள் ஆறில் ஒரு பங்கினரே ஏற்கப்பட்டனர் என்ற உண்மையை நோக்கினால், முன்கூட்டியே விண்ணப்பித்திருப்பினும் பெரும்பாலோரின் நிலை வேறாயிருந்திருக்கும் எனத் துணிதற்கில்லை. கதவு திறந்திருந்தும் நுழையத் தயங்கினர் என்பதற்கும், கதவு திறக்குமா என ஐயுற்றுத் தயங்கினர் என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னைய நிகழ்ச்சிகள் அவ்வையம் ஆதாரமற்றதன்று என்பதையே காட்டின.

1964: இரு கரைக்கு இடையே

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. 1974இல் அவர்களும் 75,000 வீதம் இரு நாடுகளுக்கும் பகிரப்பட்டனர். பகிரப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை.

ஒப்பந்தம் வகுத்த எண்ணிக்கைக்கும் மக்கள் விருப்பத்துக்கும் பொருத்தமில்லை என்பது விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது வெளிப்பட்டது. இந்தியக் குடியுரிமை கோரியோர் 5,25,000 என்ற தொகையை எட்டவில்லை. இலங்கைப் பிரசாவுரிமை கோரியோரோ ஒதுக்கப்பட்ட தொகையினும் மிகப் பலர். இரு அரசுகளும் இதனைத் 'தாயகம் திரும்பத் தயங்குதல்' என்று நோக்கின. ஆயின் பல தலைமுறை ஊவா மலைகளிற் பிறந்து இறந்தோருக்குத் தாயகம் எது என்பதே வினா. பாட்டன் நட்ட தேயிலையும் பாட்டி புதைக்கப்பட்ட மலையும் ஒரு பக்கம். பெயர் மட்டும் அறிந்த ஓர் ஊர் மறுபக்கம்.

பயிற்றப்பட்ட தொழிலாலும் பழகிய மண்ணாலும் பிணிக்கப்பட்ட அவர்களை இறுதியில் அசைத்தவை ஒப்பந்தத்தின் வாசகங்கள் அல்ல. 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினியாக வடிவெடுத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் தொழிலாளர் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்முறைகள் மலையகத்தையும் தாக்கின. 1983 யூலையில் பதுளை நகரும் அதற்குத் தப்பவில்லை. தயங்கி நின்றோருட் பலர் இதன்பின் வன்னிக்கும் இந்தியாவுக்கும் சென்றனர். தலைமன்னார் சென்று கப்பலேறியோர் தமிழ்நாட்டிற் பல இடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தோரும் அவர்களுள் அடங்குவர். இலங்கையில் 'இந்தியர்' எனப்பட்ட அவர்கள் அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இரு கரையிலும் அயலாராகக் கருதப்படுவோம் என்ற அவர்களது முன்னைய ஐயம் இவ்வாறு மெய்யாயிற்று. 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றபின் இந்தியக் குடியுரிமை பெற்றும் செல்லாது எஞ்சியோர் பலர். நாடற்ற நிலையை நீக்கும் பணி 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே படிப்படியாக நிறைவுற்றது. 1948இல் எழுந்த ஒரு வினாவுக்கு விடை காண ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

அலுவலக வாயிலில்

பிரசாவுரிமை கிட்டிய பின்னரும் நீங்காத தயக்கமொன்று உண்டு. அது மொழி பற்றியது. 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தால் சிங்களம் மட்டுமே அரசமொழியாயிற்று. 1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்கள் தமிழுக்கும் அரச கரும மொழி நிலையை வழங்கின. எனினும் வடக்குக் கிழக்குக்கு வெளியே நிருவாக மொழி சிங்களமே. இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டும் தமிழும் நிருவாக மொழியாகும். 1999ஆம் ஆண்டிலும் பின்னரும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன.

மொனராகலை மாவட்டத்தின் நிலை இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தோட்டத் தமிழர் திரண்டு வாழும் இடமன்று அது. சிங்களக் கிராமங்களுக்கிடையே ஆங்காங்கே சிதறிய தோட்டங்களில் மிகச் சிறு தொகையினராகவே அவர்கள் வாழ்கின்றனர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் ஒருவர் எம்மொழியில் வாய்திறப்பது என்பதைப் படிக்கட்டிலேயே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. சட்டம் தமிழிற் பேசும் உரிமையைத் தந்திருக்கலாம். மேசைக்கு அப்பால் இருப்பவருக்குத் தமிழ் தெரியாதாயின் அவ்வுரிமை தாளிலேயே நிற்கும். பதிவேட்டில் பெயர் பிழைபட எழுதப்படினும் திருத்துமாறு கேட்கத் தயங்குதல் இதன் விளைவு. முன்னைய பகுதியிற் கூறியவாறு, ஒரு பெயரின் எழுத்துப் பிழை ஒரு குடும்பத்தின் உரிமையைப் பறிக்கக்கூடியது என்பதை இச்சமூகம் பட்டறிந்தது. அறிந்திருந்தும் கேட்கத் தயங்குகின்றனர் என்றால், கேட்பதனால் விளையக்கூடிய அலைச்சலையும் அவர்கள் அறிந்துள்ளனர் என்பதே பொருள்.

மீரியபெத்தை

சொல்வழக்கு ஒன்றினால் உயிர்ப்பழியும் இடம்மாறக்கூடும் என்பதற்கு ஊவாவின் அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்றாகின்றது. பெரகலையிலிருந்து மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாயவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில் அமைந்தது கொஸ்லந்தை. அதனை அடுத்துள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மாண்டனர், மண்ணுள் மறைந்த பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. பாடசாலை சென்றிருந்தமையால் உயிர்தப்பிய சிறுவர் சிலர் பெற்றோரை இழந்தனர்.

அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 'எச்சரிக்கப்பட்டும் வெளியேறத் தயங்கினர்' என்ற கூற்று அனர்த்தத்தின் பின் எழுந்தது. வாக்கியம் பிழையற்றது போலத் தோன்றும். மேலே கூறிய இலக்கணச் செய்தியை இங்கே பொருத்திப் பார்த்தல் வேண்டும். 'தயங்கினர்' என்னும் வினையின் எழுவாயாகச் சரிந்த மலைக்குக் கீழ் வாழ்ந்தோர் மட்டுமே நிற்கின்றனர். அவர்கள் வாழ்ந்த அறை அவர்களுக்குச் சொந்தமன்று. அது நின்ற நிலமும் சொந்தமன்று. வேறு வீடு கட்ட ஒரு பேர்ச் காணியும் அவர்களிடமில்லை. லயத்தை விட்டு நீங்கினால் வேலைக்கு எங்கிருந்து வருவது, பிள்ளைகள் எப்பாடசாலைக்குச் செல்வது, விட்டுச்சென்ற அறை மீண்டும் கிட்டுமா என்ற வினாக்களுக்கு எச்சரிக்கைக் கடிதத்தில் விடை இல்லை. போகுமாறு கூறப்பட்டது, போகுமிடம் காட்டப்படவில்லை.

இந்நிலையில் தயங்கியவர் யார்? ஒன்பதாண்டு இடைவெளியில் மாற்று நிலத்தை ஒதுக்குவதற்குத் தயங்கியோரும் உண்டு. ஆயின் அவர்தம் செயல் 'தாமதம்' என்றும் 'நிருவாகச் சிக்கல்' என்றும் குறிக்கப்பட்டதேயன்றித் தயக்கம் எனப்படவில்லை. அதிகாரமுடையோர் பின்னிற்கும்போது அது நடைமுறை; அதிகாரமற்றோர் பின்னிற்கும்போது அது மனப்பாங்கு. ஒரே செயலுக்கு இரு பெயர் வழங்கும் இவ்வேறுபாடு தற்செயலானதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். ஊவாத் தோட்டத் தமிழரிடத்துக் காணப்படுவதாகக் கூறப்படும் தயக்கம் காலத்துக்குக் காலம் வெவ்வேறு காரணங்களால் விளைந்தது. துண்டுக் காலத்தில் அது கடனின் விளைவு. பிரசாவுரிமைக் காலத்தில் சட்டத்தின்மீது கொண்ட ஐயத்தின் விளைவு. ஒப்பந்தக் காலத்தில் இரு நாடுகளும் முழுமையாக ஏற்காமையின் விளைவு. இன்று மொழியும் காணியும் கைவசமின்மையின் விளைவு. காப்பு ஏற்பட்ட இடத்தில், 1940இல் வெவெஸ்ஸவிற் கண்டவாறு, அது விரைந்து நீங்கியமையும் நோக்கத்தக்கது.

இதனால் தயக்கம் எப்பொழுதும் நன்றே என்று கொள்ளுதல் கூடாது. 1951இல் அது பெருவிலை கொண்டது. மீரியபெத்தையில் உயிர்களையே விலையாகக் கொண்டது. அவ்விலையைத் தயங்கியோரே செலுத்தினர் என்பதனாலேயே, அதற்குக் காரணமானோரை இனங்காணுதல் வரலாற்று மாணவருக்குக் கடமையாகின்றது. தோட்ட மக்களின் விழிப்புணர்வின்மையே குறையெனக் கூறி, அறிவூட்டினால் தயக்கம் நீங்கிவிடும் எனக் கருதும் போக்கு இன்றும் உண்டு. அம்மக்களுக்கு அறிவிக்க வேண்டியது அத்துணை இல்லை. அளிக்க வேண்டியதே மிகுதி. தம் பெயரில் ஓர் உறுதிப் பத்திரமும், தம் மொழியில் ஒரு படிவமும், பேசினால் பாதியாகாத ஒரு 'பேரும்' கிட்டுமாயின் எஞ்சும் தயக்கம் எவ்வளவு என்பதைப் பின்னர் அளந்து பார்க்கலாம்.

தமிழ்மொழியில் தயங்குதலுக்குப் பிறவினை வழக்கில் இல்லை. ஆயினும் 'தயங்க வைத்தல்' என்று கூறுதற்கு மொழி இடம் தருகின்றது. மலையக வரலாற்றை எழுதுவோர் 'தயங்கினர்' என்று எழுத நேரும் இடந்தோறும், அவர்களைத் தயங்க வைத்தது எது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுவாராயின், அச்சொல் தன் பழைய பொருளாகிய அசைவை மீண்டும் பெறும்.